விமானத்தில் உலோகச் சோர்வு: விரிசல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தேடும் வேலை

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது. அவருடைய அப்பாவின் லாரி ஏற்காடு மலைப்பாதையில் ஏறும்போது பின்பக்க ஸ்பிரிங்கின் மெயின் பட்டை முறிந்து நின்றுவிட்டது. அதிக பாரம் இல்லை, பள்ளத்திலும் இறங்கவில்லை. முறிந்த பட்டையின் படத்தையும் அனுப்பியிருக்கிறார். இது உலோகச் சோர்வு என்று கல்லூரியில் சொன்னார்களாம். "விமானத்திலும் இப்படித் திடீரென்று முறியுமா சார்? முழுசாகத் தடுக்கவே முடியாதா? பழைய விமானம் என்றால் ஏறலாமா? கமலாபுரத்திலிருந்து சென்னைக்கு முதல் தடவையாக விமானத்தில் போகிறேன், பயணியாக நான் கவனிக்க ஏதாவது இருக்கிறதா?"

தம்பி, நான் விமானப் பராமரிப்பில் விரிசல் தேடும் பிரிவில் வேலை பார்த்தவன். இப்போது நம் ஊர் ஃபவுண்டரிகளுக்கும் பட்டறைகளுக்கும் அதே சோதனைகளைச் செய்து கொடுக்கிறேன். மனசுக்கு நெருக்கமான விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் படத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். பட்டை திடீரென்று முறிந்தது என்கிறார் அப்பா. முறிந்த முகம் வேறு கதை சொல்கிறது. பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் செண்டர் போல்ட் ஓட்டையின் விளிம்பில் ஒரு பகுதி மட்டும் கறுத்து, துரு ஏறி, வழவழவென்று இருக்கிறது. அதற்குள் வளைந்த கோடுகள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடுகின்றன. எல்லாக் கோடும் ஓட்டையின் ஒரே மூலையைச் சுற்றித்தான் வளைகிறது. மீதி இடமெல்லாம் சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக, வெயிலில் மினுமினுக்கிறது. அந்த வழவழப்பான இடம்தான் மெல்ல மெல்ல வளர்ந்த விரிசல். சொரசொரப்பான இடம் மட்டும்தான் அன்றைக்கு மலையில் ஒரே நொடியில் போனது. துரு எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். விரிசலுக்குள் மழைத்தண்ணீர் இறங்க அவகாசம் கிடைத்திருக்கிறது. அதாவது இந்தப் பட்டை விரிசலோடுதான் பல நடை ஓடியிருக்கிறது. பட்டைக் கட்டை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்திருந்ததா என்று அப்பாவிடம் கேளுங்கள். யூ போல்ட் இறுக்கமாக இருந்தால் அந்த நடுப்பகுதி வளையாது. தளர்ந்துவிட்டால் வளைவு நேராக ஓட்டைக்கு வந்துவிடும், பட்டையும் அங்கேதான் போகும்.

உலோகச் சோர்வு என்பது இவ்வளவுதான். ஒரே தடவையில் முறிக்கப் போதாத பளு, திரும்பத் திரும்ப வந்தால் முறித்துவிடுகிறது. மேற்பரப்பில் ஏதோ ஒரு சின்னக் கீறலிலோ ஓட்டை விளிம்பிலோ உலோகத்தின் படிகங்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி, முதல் விரிசல் பிறக்கிறது. அப்புறம் ஒவ்வொரு இழுப்புக்கும் விரிசலின் முனை துளித்துளியாக முன்னேறுகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் பல இடங்களில் ஒரு இழுப்புக்கு ஒரு கோடு என்று எண்ணிவிடலாம். விபத்து ஆய்வாளர்கள் அப்படித்தான் 'இந்த விரிசல் இத்தனை பயணங்களாக வளர்ந்திருக்கிறது' என்று கணக்குப் போடுகிறார்கள்.

இதில் உங்கள் மனதில் பதிய வேண்டிய இரண்டு எண்கள் உண்டு. ஒரு தகட்டை இழுக்கும்போது அதில் வட்டமான ஒரு ஓட்டை இருந்தால், அதன் விளிம்பில் தகைவு, அதாவது ஒரு சதுர அளவு உலோகம் சுமக்கும் இழுப்பு, சுமார் மூன்று மடங்கு ஆகும். கூர்மையான மூலை என்றால் இன்னும் அதிகம். இரண்டாவது, விரிசல் வளரும் வேகம் தகைவோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. ஏறத்தாழ தகைவின் மூன்றாம் அல்லது நான்காம் அடுக்கில் (பவர்) ஏறுகிறது. தகைவைப் பாதியாக்கினால் வளரும் வேகம் எட்டில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே வந்துவிடும். அதனால்தான் ஒரு மூலையைக் கொஞ்சம் உருட்டிவிடுவதும், ஒரு ஓட்டையின் உள்பக்கத்தைப் பளிச்சென்று முடிப்பதும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கொடுக்கிறது.

இந்த நோயை முதலில் கண்டுகொண்டவர்கள் ரயில்வேக்காரர்கள். 1842-ல் பிரான்ஸில் வெர்சாய் அருகே ஒரு ரயில் எஞ்சினின் ஆக்சில் முறிந்து பெரிய விபத்து நடந்தது. 1850, 60-களில் ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர் ஆக்சில்களைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து, எவ்வளவு தகைவுக்கு எத்தனை சுழற்சி தாங்கும் என்று அட்டவணை போட்டார். உங்கள் பாடப்புத்தகத்தில் வரும் எஸ்-என் வளைகோடு அங்கிருந்து வந்ததுதான். எஃகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. குறிப்பிட்ட தகைவுக்குக் கீழே வைத்தால் நடைமுறையில் எத்தனை கோடி சுழற்சியானாலும் தாங்கிவிடும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. எவ்வளவு குறைந்த தகைவானாலும், போதுமான தடவை திரும்ப வந்தால் என்றைக்காவது ஒருநாள் விரிசல் விடும்.

விமானத்தின் உடல் பெரும்பாலும் அந்த அலுமினியம்தான். நம் சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூர் மால்கோ ஆலைக்கு லாரி லாரியாக இறக்கிய காலம் அப்பாவுக்கு நினைவிருக்கலாம். அந்தப் பாக்சைட்டிலிருந்து எடுப்பதும் இதே உலோகம்தான். சுத்த அலுமினியம் மிருதுவானது. சுமார் நான்கு சதவீதம் செம்பும், ஒன்றரை சதவீதம் மெக்னீசியமும், கொஞ்சம் மாங்கனீசும் சேர்த்து, சூடுபடுத்திக் குளிரவைத்துப் பதப்படுத்தினால் விமானத் தகடாகும் 2024 கலவை கிடைக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் அருமையான பொருள். ஆனால் சோர்வுக்கு எல்லை இல்லாத குணம் கலவையிலும் கூடவே வருகிறது. 'முழுசாகத் தடுக்க முடியாதா' என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேயே இருக்கிறது. முடியாது. எஃகைப் போலப் பாதுகாப்பான தகைவுக்குக் கீழே வைத்துக் கட்டினால் அந்த விமானம் எடை தாங்காமல் தரையை விட்டுக் கிளம்பாது.

சரி, அந்தப் பளு எங்கிருந்து வருகிறது? இறக்கைக்குக் காற்றின் குலுக்கலும், தரையிறங்கும் அதிர்ச்சியும். உடற்பகுதிக்கு முக்கியமானது காற்றழுத்தம். மேலே போகப்போக வெளியே காற்று மெலிகிறது. நாம் மூச்சுவிட உள்ளே அழுத்தம் ஏற்றி வைக்கிறார்கள். பெரிய ஜெட் விமானத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் சதுர அங்குலத்துக்கு எட்டு பவுண்டு அளவுக்கு வித்தியாசம் வரும். சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 5.5 டன்னுக்கு மேல். அதைத் தாங்கும் தகடு பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. ஒவ்வொரு பயணத்திலும் உடல் ஒரு தடவை உப்பி, ஒரு தடவை சுருங்குகிறது. அதனால் விமானத்தின் வயதை வருடத்தில் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கடல் கடந்து பத்து மணி நேரம் பறப்பதும் ஒரு சுழற்சி, சேலத்திலிருந்து சென்னைக்கு ஒரு மணி நேரம் பறப்பதும் ஒரு சுழற்சி. குறுந்தொலைவு விமானங்கள் சுழற்சிகளைச் சீக்கிரம் சேர்த்துவிடும். நீங்கள் ஏறப்போகும் ஏடிஆர் சின்ன புரொப்பெல்லர் விமானம்; ஜெட் அளவு உயரத்துக்கு அது போவதில்லை, அழுத்த வித்தியாசமும் குறைவு. அது இறக்குவதும் ஏற்றுவதுமாக நாளெல்லாம் ஓடுவதற்கென்றே வடிவமைத்த விமானம்.

இனி காமெட் கதை. இதை ஒவ்வொரு மெக்கானிக்கல் மாணவரும் முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பாதிதான் பரவியிருக்கிறது. பிரிட்டனின் டி ஹாவிலாண்ட் காமெட், 1952 மே 2 அன்று சேவைக்கு வந்த உலகின் முதல் பயணிகள் ஜெட். சரியாக ஒரு வருடம் கழித்து, 1953 மே 2-ல், கல்கத்தாவிலிருந்து கிளம்பிய ஒரு காமெட் இடிமழைக்குள் சிதறி 43 பேர் இறந்தார்கள். அதற்குப் புயல் காரணம் என்றார்கள். 1954 ஜனவரி 10-ல் இத்தாலியின் எல்பா தீவருகே ஒன்று, ஏப்ரல் 8-ல் நேப்பிள்ஸ் பக்கம் இன்னொன்று. இரண்டும் உயரே ஏறும்போது வானத்திலேயே சிதறிக் கடலில் விழுந்தன. எல்பாவில் 35 பேர், நேப்பிள்ஸில் 21 பேர்.

பிரிட்டனின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் ஆர்னால்ட் ஹால் தலைமையில் ஒரு முழு காமெட்டை இறக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். காற்றை நிரப்பி வெடிக்கவிட்டால் எல்லாம் தூள்தூளாகி, எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாமல் போய்விடும். தண்ணீர் அழுந்தாது, அதனால் கிழிந்த இடம் கிழிந்தபடியே இருக்கும். உள்ளே தண்ணீரை ஏற்றுவதும் இறக்குவதுமாக இரவு பகலாகப் பயணங்களைத் தொட்டிக்குள் நடத்தினார்கள். அந்த விமானம் ஏற்கனவே பறந்த 1,221 பயணங்களும், தொட்டியில் நடந்த 1,836-ம் சேர்ந்து 3,057 ஆனபோது ஒரு ஜன்னலின் மூலையிலிருந்து உடல் கிழிந்தது. எல்பாவில் விழுந்த விமானம் 1,290 பயணங்கள்தான் பறந்திருந்தது.

'சதுர ஜன்னல் வைத்ததால் போச்சு' என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுகிறார்கள். காமெட்டின் ஜன்னல் மூலைகள் உருட்டப்பட்டவைதான், போதாத அளவுக்கு. எல்பா விமானத்தின் சிதைவுகளில் விரிசல் தொடங்கியதாகக் கண்டுபிடித்த இடமோ பயணிகள் ஜன்னலே அல்ல. கூரையில் ரேடியோ திசைகாட்டியின் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பு அது. ஆனால் எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது வேறொன்று. டி ஹாவிலாண்ட் சோதிக்காமல் விடவில்லை. உடற்பகுதி ஒன்றை ஆயிரக்கணக்கான சுழற்சி சோதித்தார்கள், அது பத்தாயிரத்தைத் தாண்டியும் தாங்கியது. ஏன் தாங்கியது? அதே பகுதியை முன்பு வலிமைச் சோதனைக்காக இயல்பான அழுத்தத்தின் இரண்டு மடங்கு வரை ஏற்றியிருந்தார்கள். அப்போது ஜன்னல் மூலைகளில் உலோகம் கொஞ்சம் இளகி நிரந்தரமாக நீண்டுவிட்டது. அழுத்தத்தை இறக்கியதும் சுற்றியிருந்த உலோகம் அந்த நீண்ட இடத்தை உள்நோக்கி அமுக்கிப் பிடித்துக்கொண்டது. அமுக்கத்தில் இருக்கும் இடத்தில் விரிசல் எளிதில் திறக்காது. ஆக, சோதனைத் துண்டுக்கு மட்டும் தெரியாமலே ஒரு வைத்தியம் நடந்துவிட்டது. பறந்த விமானங்களுக்கு அந்த வைத்தியம் கிடைக்கவில்லை. நேர்மையாகச் செய்த சோதனையே தவறான நம்பிக்கையைக் கொடுத்துவிட்டது.

அந்த அமுக்கத்தை இன்று வேண்டுமென்றே ஏற்றுகிறார்கள். தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட்டின் ஓட்டைக்குள் ஓட்டையைவிடச் சற்றுப் பெரிய ஒரு கூம்பை இழுத்து எடுத்து, விளிம்பைச் சுற்றி அமுக்கத்தை விட்டுவைக்கிறார்கள். தரையிறங்கும் கியர் (சக்கரமும் அதைத் தாங்கும் கால்களும்), எஞ்சின் பாகங்கள் மீது சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளை வேகமாக அடித்து மேல்தோலை அமுக்கத்தில் வைக்கிறார்கள். இதற்கு ஷாட் பீனிங் என்று பெயர். இது உங்களுக்கு அந்நியமான வேலை இல்லை தம்பி. நல்ல கம்பெனி லாரிப் பட்டைகளிலும் இழுபடும் பக்கத்தில் இதைத்தான் செய்திருப்பார்கள். அந்தப் பக்கத்தைக் கிரைண்டரால் தேய்த்தாலோ, வெல்டிங் வைத்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். முறிந்த பட்டையை ஒட்டவைத்து ஓட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

காமெட்டுக்குப் பின் வடிவமைப்பாளர்களின் சிந்தனை மாறிய விதத்தையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில், ஒரு பாகம் இத்தனை மணி நேரம் தாங்கும் என்று சோதித்து, அதற்கு வெகு முன்னாலேயே கழற்றி எறிந்துவிடுவது வழக்கம். தரையிறங்கும் கியருக்கு இன்றும் அதுதான் முறை. பார்க்க எவ்வளவு புதுசாக இருந்தாலும் எண்ணிக்கை முடிந்தால் கழற்றியே ஆக வேண்டும். அடுத்து வந்தது, ஒன்று உடைந்தாலும் பக்கத்தில் இருப்பது சுமையை ஏற்கும்படி கட்டுவது. நல்ல யோசனை. ஆனால் 1977 மே 14-ல் ஜாம்பியாவின் லுசாகாவில் இறங்க வந்த ஒரு போயிங் 707 சரக்கு விமானத்தின் வால் இறக்கை கழன்று, உள்ளே இருந்த ஆறு பேரும் இறந்தார்கள். அந்த வால் இறக்கையிலும் மாற்றுத் தாங்கி இருந்தது. முதல் உறுப்பு சோர்வில் உடைந்ததை யாரும் கண்டுபிடிக்காததால் அது உடைந்தபடியே பறந்து, மாற்றுத் தாங்கியும் ஒருநாள் போய்விட்டது. காவலுக்கு இரண்டாவது ஆளை நிறுத்தி என்ன பயன், முதல் ஆள் விழுந்ததை யாரும் பார்க்காவிட்டால்?

அங்கிருந்துதான் இன்றைய முறை உறுதியானது. 1978-ல் அமெரிக்க விதிகளில் எழுதியே வைத்தார்கள். எந்தப் பாகத்திலும் விரிசல் ஏற்கனவே இருக்கிறது என்று வைத்துக்கொள். நம் கருவிக்குத் தெரியும் அளவிலிருந்து ஆபத்தான அளவுக்கு வளர எத்தனை பயணம் ஆகும் என்று கணக்கிடு. அந்த இடைவெளிக்குள் குறைந்தது இரண்டு தடவையாவது கண்ணில் படும்படி பரிசோதனையை வை. உதாரணத்துக்கு அந்த வளர்ச்சிக்கு 20,000 பயணம் ஆகும் என்றால் 10,000-க்கு ஒருமுறைக்குக் குறையாமல் பார்த்தாக வேண்டும். ஒரு தடவை தவறவிட்டாலும் இன்னொரு வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. விமானம் பாதுகாப்பாகப் பறப்பது விரிசலே இல்லாததால் அல்ல. தேடுகிறவர் விரிசலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவதால். நான் வேலையில் கற்றது இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன்.

தேடுவது எப்படி என்று பார்ப்போம். ஒரு ரிவெட் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அழுக்கு, எண்ணெய் போகத் துடைக்க வேண்டும். எடி கரண்ட் கருவியின் பேனா போன்ற முனையில் சின்ன சுருள் இருக்கும். அதில் ஓடும் மாறுமின்னோட்டம் தகட்டுக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். விரிசல் இருந்தால் அந்தச் சுழல் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும், திரையில் புள்ளி துள்ளும். தொடங்கும் முன் அதே கலவையில், அதே கனத்தில், தெரிந்த அளவில் வெட்டு போட்ட ஒரு மாதிரித் துண்டின்மேல் வைத்து, துள்ளல் சரியான உயரத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ரிவெட்டாகச் சுற்றி வர வேண்டும். கை கொஞ்சம் சாய்ந்தாலும் புள்ளி நகரும். எது கையின் சாய்வு, எது விரிசல் என்பது பழகப் பழகத்தான் பிடிபடும். சந்தேகம் வந்த ரிவெட்டைக் குறித்துவிட்டு, மாதிரித் துண்டுக்குத் திரும்பிப் போய், மறுபடி வந்து வைத்துப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டர் அளவு விரிசல்கூடத் தெரியும். ஆனால் ஒரு பக்கத்துக்கே நூற்றுக்கணக்கான ரிவெட் இருக்கும். அவற்றில் அநேகமாக எல்லாமே நல்லதாகத்தான் இருக்கும். கெடுதல் எதுவுமே கண்ணில் படாத இரவுகளில் கவனத்தைப் பிடித்து வைப்பதுதான் இந்த வேலையின் கஷ்டம்.

எஃகுப் பாகங்களுக்குக் காந்தத்துகள் சோதனை, ஆழத்தில் இருப்பதற்கு அல்ட்ராசானிக், மேற்பரப்பு விரிசலுக்கு நிறத்திரவச் சோதனை. கடைசியாகச் சொன்னதை நம் ஊர்ப் பட்டறைகளிலும் செய்கிறார்கள். சிவப்புத் திரவத்தைப் பூசி, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாகக் கசியும். ஒரே ஒரு எச்சரிக்கை. சோதனைக்கு முன் சாண்ட் பிளாஸ்ட் அடித்தோ, கம்பிப் பிரஷ் போட்டோ சுத்தம் செய்துவிடாதீர்கள். மேல் உலோகம் பரவி விரிசலின் வாயை மூடிவிடும், திரவம் உள்ளே போகாது, 'விரிசல் இல்லை' என்று பொய்ச் சான்று கிடைக்கும். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனசு பதைக்கிறது.

இப்போது பழைய விமானம். 1988 ஏப்ரல் 28, ஹவாய். அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737, ஹிலோவிலிருந்து ஹொனலூலுவுக்கு 24,000 அடியில் பறக்கும்போது முன்பகுதியின் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. நடைபாதையில் நின்றிருந்த பணிப்பெண் ஒருவர் காற்றில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார். மற்ற எல்லோரையும் விமானிகள் உயிரோடு தரையிறக்கினார்கள். அந்த விமானம் 35,496 மணி நேரம்தான் பறந்திருந்தது, ஆனால் 89,680 சுழற்சி. சராசரி ஒரு பயணம் அரை மணி நேரம்கூட இல்லை. வடிவமைப்பில் எண்ணியிருந்தது 75,000.

சுழற்சி மட்டும் காரணமில்லை. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மூட்டை பசையும் ரிவெட்டும் சேர்ந்து பிடிப்பதாகத்தான் அந்த விமானத்தின் கட்டுமானம். தீவுகளின் உப்புக்காற்றில் ஈரம் உள்ளே புகுந்து பசை விட்டுப்போனது, துருவும் ஏறியது. பசை சுமக்க வேண்டியதையும் ரிவெட் ஓட்டைகள் சுமந்தன. ஒவ்வொரு ஓட்டையிலும் சின்னச் சின்ன விரிசல்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் ஆபத்தான அளவில் இல்லை. ரசீதுப் புத்தகத்தில் கிழிப்பதற்கென்று குத்திவைத்த துளை வரிசை மாதிரி, எல்லாம் ஒரே வரிசையில் இருந்ததால் ஒரே இழுப்பில் இணைந்துவிட்டன. தகடு கிழிந்தால் குறிப்பிட்ட தூரத்தில் நிறுத்துவதற்காக வைத்திருந்த பட்டிகளும் இந்த வரிசைக்கு முன் நிற்கவில்லை. ஒற்றை விரிசலுக்காகப் போட்ட கணக்கு, கூட்டமாக வரும் விரிசலுக்குப் பொருந்தாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. 2010-ல் அமெரிக்க விமானப் பாதுகாப்பு அமைப்பான எஃப்ஏஏ, பெரிய விமானங்கள் ஒவ்வொரு வகைக்கும் 'இத்தனை சுழற்சிக்கு மேல் இந்தப் பராமரிப்புத் திட்டம் செல்லாது' என்று ஒரு மேல் எல்லையை அறிவிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. இன்று பழைய விமானத்துக்கு அப்படி ஒரு முடிவுத் தேதி உண்டு.

அலோஹா விசாரணையில் எனக்கு மறக்க முடியாத பகுதி, பரிசோதனை செய்தவர்களைப் பற்றியது. விரிசல்கள் முன்பே கண்டுபிடித்திருக்கக் கூடியவை. பரிசோதனைகள் நடுராத்திரியில், காலைப் பயணத்துக்கு விமானத்தைக் கொடுத்தாக வேண்டும் என்ற அவசரத்தோடு நடந்தவை. விரிசல் தேடுகிறவருக்கு நல்ல வெளிச்சம், கூரைவரை ஏற ஒழுங்கான மேடை, தூக்கம், 'இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும்' என்று சொல்லும் உரிமை, இந்த நான்கும் கொடுக்காத இடத்தில் உலகின் சிறந்த கருவியைக் கொடுத்தும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

வயதைவிட எனக்குப் பெரிய கவலை பழுதுபார்த்த இடங்கள். 1985 ஆகஸ்ட் 12-ல் ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விபத்தில் 520 பேர் இறந்தார்கள். ஒரே விமானத்தில் இத்தனை உயிர் வேறு எந்த விபத்திலும் போனதில்லை. ஏழு வருடம் முன்பு அந்த விமானத்தின் வால் தரையில் உரசியது, பின்பக்க அழுத்தச் சுவரைச் சரிசெய்தார்கள். இரண்டு ரிவெட் வரிசைகளில் சுமை போக வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டதால், சுமை ஒற்றை வரிசையில் போனது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதற்கு மேல் 12,000 தடவை பறந்தது, பிறகு சுவர் வெடித்தது. 2002 மே 25-ல் சைனா ஏர்லைன்ஸ் 611-லும் இதே கதைதான். 1980-ல் வால் உரசியபோது தகட்டில் விழுந்த கீறல்களை முழுசாக எடுக்காமல் மேலே தகடு போட்டு மூடினார்கள். 22 வருடம் கழித்து 225 பேர். சுத்தமான பதிவேடுள்ள இருபது வயது விமானத்தில் நிம்மதியாக ஏறுவேன். பழுதின் பதிவு சரியில்லாத ஐந்து வயது விமானம்தான் என்னைத் தூங்கவிடாது.

கீறல் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மூட்டில் இடுக்கை அடைக்கப் பூசிய பழைய சீலண்டை எடுக்க எஃகுக் கத்தியை வைத்துச் சுரண்டக் கூடாது. பிளாஸ்டிக் கரண்டிதான். கத்தி விட்டுப்போகும் மெல்லிய கோடே அடுத்த விரிசலின் பிறப்பிடம். அதேபோல, தரையில் ஏணியோ வண்டியோ விமானத்தில் இடித்தால், எவ்வளவு சின்னதானாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொன்னவரைத் திட்டும் இடத்தில் அடுத்த தடவை யாரும் சொல்லமாட்டார்கள். துருவும் இதன் கூட்டாளிதான். சேலத்து வறண்ட காற்று விமானத்துக்கு நல்லது. சென்னையில் கடற்காற்றில் நிற்கும் விமானத்தைக் கழுவுவதும், கழிப்பறைக்கும் சமையல் இடத்துக்கும் கீழே ஈரம் தேங்குகிறதா என்று பார்ப்பதும் உலோகச் சோர்வைத் தடுக்கும் வேலையில் சேர்ந்தவை.

எஞ்சின் பற்றிச் சுருக்கமாக. எஞ்சினுக்குள் இலைகளைத் தாங்கிச் சுழலும் தட்டுகளுக்குச் சுழற்சி எண்ணிக்கையில் ஆயுள் உண்டு, முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். 1989-ல் அமெரிக்காவின் சூ சிட்டியில் நொறுங்கிய யுனைடெட் ஏர்லைன்ஸ் 232 விமானத்தில், டைட்டானியம் தட்டை உருக்கியபோதே உள்ளே இருந்த ஒரு சின்னக் குறையிலிருந்து விரிசல் வளர்ந்தது. உருக்கும் இடத்தின் சுத்தமும் சோர்வைத் தடுப்பதில் அடங்கும். ஸ்டீல் ஊரில் படிக்கும் உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நீங்கள் ஏறப்போகும் ஏடிஆர் 72-ன் உடல் அலுமினியம், இறக்கையின் வெளிப்பகுதி கார்பன் ஃபைபர். கார்பன் ஃபைபர் இதே விதத்தில் சோர்வடையாது. ஆனால் அடிபட்டால் வெளியே தெரியாமல் உள்ளே அடுக்கு விட்டுப்போகலாம், அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு.

கடைசியாக, பயணியாக என்ன பார்ப்பது. முதல் தடவை போகிறீர்கள், அதனால் எது இயல்பு என்று முதலில் சொல்கிறேன். குலுங்கும்போது இறக்கை மேலும் கீழும் அசையும், அது அசையத்தான் வேண்டும். உடலில் சுற்றிலும் ரிவெட் அடித்த செவ்வகத் தகடு தெரிந்தால் அது முறைப்படி பதிவான பழுதுபார்ப்பு. ரிவெட்டுக்குப் பின்னால் மெலிதான கறுப்புக் கறை, அங்கங்கே பெயிண்ட் உரிந்த இடம், இவையெல்லாம் பராமரிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ரிவெட் வரிசை ஓரமாக நீளமான ஒரு பிளவு தெரிந்தாலோ, தகடு தூக்கிக்கொண்டு நின்றாலோ, உள்ளே புதிதாகக் காற்று சீறும் சத்தம் கேட்டாலோ தயங்க வேண்டாம். அலோஹா விமானத்தில் ஹிலோவில் ஏறும்போதே ஒரு பயணி கதவுக்குப் பக்கத்தில் ரிவெட் வரிசையோடு ஒரு விரிசலைப் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் எதையாவது பார்த்தால் கதவருகே நிற்கும் பணியாளரிடம், "அக்கா, அந்த இடத்தில் ஒரு கோடு தெரியுதுங்க, ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க" என்று கையால் காட்டிச் சொன்னால் போதும். அவர் கேப்டனிடம் சொல்வார், தரையில் இருக்கும் பொறியாளர் டார்ச்சோடு வந்து பார்ப்பார்.